நூலகத்துக்கு மேற்கு வெயில் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிய பொது நூலகக் கட்டடங்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இரண்டையும் மனதாரப் பாராட்டியிருந்தீர்கள். எனக்கும் மறுப்பில்லை. சாப்பாட்டுப் பையோடு காலையிலேயே வந்து இடம் பிடிக்கும் போட்டித் தேர்வுப் பிள்ளைகளைப் பார்த்தால் செலவழித்த பணம் வீணாகவில்லை என்று தெரியும். ஆனால் கட்டுரை முழுக்கக் கண்ணாடி முகப்பு, வெளிச்சம் பொங்கும் கூடம் என்றே போகிறது. அந்த வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று ஒரு வரிகூட இல்லை. நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவனுக்கு முதலில் கண்ணில் படுவது அதுதான்.

நான் கடைசியாகப் பணியாற்றிய கிளை நூலகத்துக்குப் புதுக் கட்டடம் கிடைத்தது. சாலை மேற்கே இருந்தது. முகப்பு சாலையைப் பார்க்க வேண்டும் என்று மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி போட்டார்கள். திறப்பு விழா காலையில் நடந்ததால் எல்லோருக்கும் பிடித்துப்போனது. பிற்பகலில் நாளிதழ் மேசையில் உட்கார முடியாது. பெரியவர்கள் நாற்காலியை இழுத்துக்கொண்டு நிழல் போகும் பக்கமெல்லாம் நகர்வார்கள். முதலில் பழைய காலண்டர் தாளை ஒட்டிப் பார்த்தோம், அப்புறம் பச்சை வலை, கடைசியில் கனத்த திரை. திரை விழுந்ததும் உள்ளே இருட்டு, பட்டப்பகலில் டியூப்லைட். கண்ணாடியை ஒட்டியிருந்த அலமாரியில் சிவப்பு அட்டைப் புத்தகங்களின் முதுகெல்லாம் வெளுத்து, தலைப்பே தெரியாமல் போய், சீட்டு எழுதி ஒட்டும்படி ஆனது.

இது சின்ன ஊர்க் கூத்து என்று நினைக்க வேண்டாம். பாரிஸில் 1996-இல் வாசகர்களுக்குத் திறந்த பிரெஞ்சு தேசிய நூலகத்தில் நான்கு உயரமான கண்ணாடிக் கோபுரங்கள், திறந்து வைத்த புத்தகம் போன்ற வடிவில். புத்தகங்களைக் கொண்டுபோய் அந்தக் கண்ணாடிக் கோபுரங்களில் அடுக்கி, வாசகர்களைக் கீழ்த்தளத்தில் உட்கார வைக்கத் திட்டமிட்டார்கள். வெயில் பட்டால் தாள் பழுக்கும் என்று எதிர்ப்பு கிளம்பவே, கண்ணாடிக்கு உட்புறம் மரத் தடுப்புகள் வைத்து வெளிச்சத்தை மறைத்தார்கள். சீனாவில் 2017-இல் திறந்த தியான்ஜின் பின்ஹாய் நூலகத்தின் படத்தை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அலை அலையாகக் கூரை வரை ஏறும் அந்த அடுக்குகளின் மேல்வரிசைகளில் இருப்பது புத்தக முதுகுகளின் அச்சுப் படம். கேமராவுக்குக் கட்டினால் அப்படித்தான் முடியும்.

சரியாகச் செய்தவரும் உண்டு. பின்லாந்தின் கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்டோ 1935-இல் வீபுரியில் (இன்று ரஷ்யாவில் இருக்கிறது) கட்டிய நூலகத்தின் கூரையில் 57 வட்டச் சாளரங்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஆழமான புனல் போன்றது. அந்த ஊரில் நடுக்கோடையிலும் சூரியன் 53 பாகைக்கு மேல் ஏறாது. ஆகவே வெயில் புனலின் சுவரில் பட்டுச் சிதறித்தான் கீழே இறங்கும். பல பக்கமிருந்து வெளிச்சம் வருவதால் எழுதும் கையின் நிழல்கூடத் தாளில் அழுத்தமாக விழாது.

அழகாயிருக்கிறதே என்று இதை அப்படியே சென்னையில் கட்டினால் தொலைந்தோம். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்டிலும் சூரியன் நமக்கு நேர் உச்சிக்கு வந்துவிடும். நடுப்பகல் வெயில் புனல் வழியாக நேரே வாசகர் தலையில் இறங்கும். நம் ஊருக்கு வேறு கணக்கு. கட்டடத்தின் நீளவாட்டுச் சுவர்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்க வேண்டும். உச்சியில் நிற்கும் சூரியனைத் தடுக்கத் தெற்கு ஜன்னலுக்கு ஒரு நல்ல சன்ஷேடு போதும். வடக்கு வெளிச்சம் பெரும்பாலும் சாது, படிக்க அதைவிட வேறு வேண்டாம். மேற்கில் மாலை வெயில் தாழ வந்து சன்ஷேடுக்கு அடியில் நுழைந்துவிடும் என்பதால் அந்தப் பக்கம் மாடிப்படி, லிப்ட், கழிவறை என்று வைத்து அடைத்துவிடலாம்.

இதற்கு வெளிநாட்டு நிபுணர் வர வேண்டியதில்லை. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியைப் போய்ப் பார்க்கட்டும். கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்து 1930-களில் வேலை தொடங்கிய கட்டடம். வடக்கும் தெற்கும் பார்த்த நீண்ட பக்கங்களில் ஜன்னலுக்குப் பதில் திருப்பி மூடக்கூடிய கான்கிரீட் பலகைகள்தான். காற்று வரும், வெளிச்சம் வரும், வெயில் வராது. ஒரு நூலக வாசிப்பறைக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் எனக்குத் தெரிந்து பக்கத்தில் இல்லை.

உள்ளே செய்ய வேண்டியவை செலவே இல்லாதவை. ஜன்னலின் மேல்விளிம்பு எவ்வளவு உயரமோ, ஏறக்குறைய அதன் இரண்டு மடங்கு தூரம் வரைதான் வெளிச்சம் அறைக்குள் உருப்படியாகப் போகும். ஏழடியில் ஜன்னலை நிறுத்திவிட்டு அறையை முப்பதடி அகலத்துக்கு இழுத்தால் அந்தக் கோடியில் விளக்கில்லாமல் ஆகாது. அலமாரிகளை ஜன்னலுக்கு இணையாக நிறுத்தினால் முதல் அலமாரியே சுவராகிவிடும். குறுக்காக நிறுத்தினால் சந்துகளின் வழியே வெளிச்சம் போகும், கீழ்த்தட்டுப் புத்தகத்தையும் குனிந்து பார்க்கலாம். எத்தனையோ கிளை நூலகங்களில் இந்த ஒன்றைச் செய்தாலே போதும்.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் எழுதிய நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. அந்த விதியை விளக்கும்போதே அவர் நூலகம் அமையும் இடம், திறந்திருக்கும் நேரம், மேசை நாற்காலி வரை இறங்கிப் பேசுகிறார். அவர் முயற்சியால் வந்த 1948-ஆம் ஆண்டு பொது நூலகச் சட்டத்தின்படிதான் இன்றும் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி கட்டுகிறோம். கட்டுபவர்களுக்குக் கட்டடத்தின் வரைபடத்தைக் காட்ட வேண்டாமா?

கட்டப்போகும் ஒவ்வொரு நூலகத்துக்கும் திசைக்குறியோடு கூடிய வரைபடத்தை அந்த ஊர்க் கிளை நூலகத்தில் ஒரு மாதம் ஒட்டி வைக்கட்டும். அங்கே தினம் உட்காரும் வாசகர்களும் நூலகரும் கருத்துச் சொல்லட்டும். தாங்களும் அடுத்த முறை புது நூலகம் பற்றி எழுதும்போது முகப்புப் படத்தோடு இன்னொரு படமும் போடுங்கள்: மே மாதம், மாலை நான்கு மணி, வாசகர் நாற்காலியில் உட்கார்ந்தபடி எடுத்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிளை நூலகர்,
தஞ்சாவூர் மாவட்டம்