கடைசிப் பக்கத்தை மூடிவிட்டுப் படி

தலவாக்கலை,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய மூன்று கேஸ் ஸ்டடியையும், அதாவது டில்மா, கொடாக், கோக் கம்பனிகள் எடுத்த முடிவுகளின் கதைகளை, படித்துவிட்டேன். எழுத்து பொடியாக இருந்ததால் இரண்டு நாள் பிடித்தது. போனிலேயே சொல்லலாம் என்றால் நீ எப்போதும் பஸ்ஸில் இருக்கிறாய், இல்லாவிட்டால் மீட்டிங்கில். அதனால்தான் கடிதம்.

உங்கள் கம்பனி இத்தனை நாளும் மொத்தமாக ஏற்றிய தேயிலையை, இனிச் சொந்தப் பெயரில் பக்கெட் போட்டு வெளிநாட்டுக் கடைகளில் விற்கலாமா என்பதுதானே கேள்வி. அதற்கு உன் மேலதிகாரி காட்டும் ஆதாரம், சொந்தப் பெயரில் தேயிலை விற்று ஜெயித்த இலங்கைக் கம்பனி டில்மா. அவர்கள் செய்தார்கள், நாமும் செய்யலாம் என்கிறார். செய்யவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நீங்கள் எல்லோரும் அந்தக் கேஸைப் படித்திருக்கும் விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. ஜெயித்த கதை என்று தெரிந்துகொண்டு படித்தால், அதில் வருகிறவன் தும்மினால்கூடப் புத்திசாலித்தனமாகத்தான் தெரியும்.

அமெரிக்காவின் ஹார்வர்ட் வணிகப் பள்ளியில் 1920களிலேயே கேஸை வைத்துப் பாடம் நடத்தும் முறை வந்துவிட்டது, முடிவு எடுக்க வேண்டிய இடத்தில் கேஸை நிறுத்திவிடுவார்கள், பிறகு நடந்தது தனித் தாளில் அப்புறம்தான் கைக்கு வரும் என்று படிக்கிற காலத்தில் நீதான் சொன்னாய். அந்த நிறுத்துகிற இடத்தில்தான் விஷயமே இருக்கிறது. வேலைக்குப் போனதும் அதை எல்லோரும் மறந்துவிடுகிறீர்கள்.

நம் இலங்கை மலையையே எடுத்துக்கொள். கோப்பி (காபி) அழிந்தது, தேயிலை வந்தது, தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லர் தீர்க்கதரிசி என்று பள்ளிக்கூடத்தில் இரண்டே வரியில் முடித்துவிடுவார்கள். இப்போது கடைசிப் பக்கத்தை மூடு. கோப்பி இலையில் அந்த மஞ்சள் துரு நோய் முதலில் தெரிந்தது 1869இல். அப்போது நீ ஒரு தோட்டத்தை நடத்தும் துரை என்று வைத்துக்கொள். இலை உதிர்கிறது, விளைச்சல் குறைகிறது, ஆனால் லண்டனில் கோப்பி விலை ஏறிக்கொண்டே போகிறது. கணக்குப் புத்தகத்தில் லாபம் நிற்கிறது. என்ன செய்வாய்? பெரும்பாலானோர் 1870களில் புதுக் காட்டை வெட்டி இன்னும் கோப்பியே நட்டார்கள். அவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையில் இருந்த கணக்கு அவர்களை அப்படித்தான் நடச் சொன்னது.

சரி, மாற வேண்டும் என்று புரிந்துகொண்டவர்களாவது நேரே தேயிலைக்கு வந்தார்களா? அதுவும் இல்லை. நிறையப் பேர் சிங்கோனாவுக்குப் போனார்கள். மலேரியாக் காய்ச்சலுக்குக் குவினைன் அதன் பட்டையிலிருந்துதான் வரும், நல்ல விலை. எல்லோரும் ஒரே நேரத்தில் நட்டார்கள், ஜாவாவிலும் நட்டார்கள், பட்டை குவிந்து 1880களில் விலை விழுந்தது. அதற்குள் 1884இல், தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கியும் படுத்துவிட்டது. சிங்கோனா நட்டவனும் தேயிலை நட்டவனும் ஒரே மாதிரித்தான் யோசித்திருக்கிறார்கள்: கோப்பியை நம்ப முடியாது, வேறு ஒன்று வேண்டும். ஒருவன் பெயர் புத்தகத்தில் இருக்கிறது, மற்றவன் பெயர் இல்லை.

டெய்லரிடம் நான் பார்ப்பது வேறொன்று. துரு வருவதற்கு இரண்டு வருடம் முன்பே, 1867இல், லூல்கந்துரைத் தோட்டத்தில் வெறும் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். பங்களா வராந்தாவில் கையால் உருட்டிப் பார்த்தார். தோற்றிருந்தாலும் தோட்டம் முழுகியிருக்காது. கோப்பி கைவிட்டபோது தேயிலை செய்யத் தெரிந்த ஒரு ஆள் இருந்தார் என்பதுதான் மற்றவர்களுக்கும் உதவியது. (அந்த மனிதரையும் 1892இல் வேலையை விட்டுப் போகச் சொன்னார்கள், அதே வருடம் இறந்துபோனார். இது உங்கள் கேஸ்களில் வராது.)

அடுத்தது ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை விஷயம். நான் அங்கே தேயிலை செய்வதற்குப் பொறுப்பான டீமேக்கராக இருந்தபோது ஏலம் முடிந்ததும் புரோக்கரிடமிருந்து ரிப்போர்ட் வரும். எந்த இன்வாய்ஸ் (ஏலத்துக்கு அனுப்பிய தேயிலைத் தொகுதி), என்ன கிரேட், கப்பில் ருசி எப்படி, என்ன விலை எல்லாம் அதில் இருக்கும். பெப்ரவரி, மார்ச்சில் செய்த பி.ஓ.பி.எஃப். கிரேட் தேயிலை நல்ல விலைக்குப் போகும். துரை கூப்பிட்டுக் கை கொடுப்பார். ஜூனில் மழையில் செய்தது விழும், அதே துரை முகத்தைத் திருப்பிக்கொள்வார். இரண்டு பருவத்திலும் டீமேக்கர் நான்தான், கொழுந்தை உருட்டும் ரோலரும் அதேதான். நம் டிம்புல பக்கம் வருட ஆரம்பத்தில் பகலில் வெயில், இரவில் குளிர், காய்ந்த காற்று. கொழுந்து மெதுவாக வளரும், பறித்ததை உருட்டும் முன் வாட விடும் வாடலும் சரியாக அமையும், கப்பில் மணம் தானாக ஏறும். மலையின் கிழக்குப் பக்கம் ஊவாவில் அதே பருவம் ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை. கொழும்பு ஏலத்தில் இது தெரியாத ஆள் கிடையாது. இருந்தும் விலை ஏறினால் யாருக்காவது மாலை போட வேண்டும் என்று கை துடிக்கும்.

அதனால் நான் என் கொப்பியில் (நோட்டில்) வேறு மாதிரிக் கணக்கு வைத்தேன். வாடல் எத்தனை மணி, கொழுந்து ஈரமா, எந்த மலையிலிருந்து வந்தது, இந்த இன்வாய்ஸ் என்ன விலைக்குப் போகும் என்று நான் நினைக்கிறேன், இவ்வளவையும் செய்த அன்றே எழுதிவிடுவேன். ஏலத்து விலை பல நாள் கழித்து அதே வரியில் ஏறும். பக்கத்துத் தோட்டங்களின் விலையையும் ஓரத்தில் குறிப்பேன். எல்லோருக்கும் ஏறியிருந்தால் அது காற்றின் வேலை. எனக்கு மட்டும் ஏறியிருந்தால்தான் ஸ்டோருக்குள் தேடுவேன்.

இனி டில்மா. அதைத் தொடங்கிய மெரில் ஜே. பெர்னாண்டோ 1950களிலேயே தேயிலை ருசி பார்க்கும் தொழிலுக்கு வந்தவர். சொந்தப் பெயரில் பக்கெட் அவுஸ்திரேலியாவுக்குப் போனது 1980களில். நடுவில் கிட்டத்தட்ட முப்பது வருடம் மொத்த வியாபாரம். பல நாட்டுத் தேயிலையைக் கலந்து விற்ற பெரிய பிராண்டுகளுக்கு நடுவே, இது இலங்கைத் தேயிலை மட்டும்தான் என்று சொல்லி விற்றார். மகன்மார் டில்ஹான், மாலிக் பெயர்களைச் சேர்த்துப் பெயர் வைத்தார், விளம்பரத்தில் தானே வந்து நின்று பேசினார். உங்கள் கம்பனியில் இதில் எது இருக்கிறது, எது இல்லை என்று ஒரு தாளில் எழுது. சந்தையில் அப்போது காலியாக இருந்த இடம் இப்போது எப்படி இருக்கிறது என்றும் எழுது.

அதைவிட முக்கியம், உங்களிடம் இன்று மொத்தமாக வாங்குகிறவர்கள் யார்? அவர்களும் பக்கெட் போட்டு விற்கிறவர்கள்தானே. நீங்கள் அதே கடைத் தட்டில் போய் உட்கார்ந்த மறுநாளும் உங்களிடம் வாங்குவார்களா? ஏலத்தில் எடுத்த தேயிலைக்கு நாட்கணக்கில் காசு கட்ட வேண்டும், வெளிநாட்டுக் கடைக்காரன் மாதக்கணக்கில் இழுப்பான். அந்த இடைவெளியை எந்தக் காசில் நிரப்புவீர்கள்? உன் மேலதிகாரியின் முப்பது ஸ்லைடிலும் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

சொந்தப் பெயரில் போய்த் திரும்பி வந்தவர்களையும் தேடு. அவர்களைப் பற்றி யாரும் கேஸ் எழுதுவதில்லை. கொழும்பில் பழைய புரோக்கர் யாரையாவது பிடித்து ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தால் நாலு பேரையாவது சொல்வார்.

பிலிம் விற்ற கொடாக்கின் கேஸில் 1975இலேயே டிஜிட்டல் கமராவைச் செய்துவிட்டு 2012இல் வங்குரோத்தானார்கள் என்று சிரிக்கிறார்கள். நடுவில் இருந்த காலத்தில் பெரும்பகுதி பிலிமில்தான் காசு கொட்டியது. நீ முதலாளியாக இருந்தால் அதை மூடியிருப்பாயா? கோப்பிக் கதைதான் இதுவும். கோக் கேஸ் பரவாயில்லை. சுமார் 2 லட்சம் பேருக்குக் குடிக்கக் கொடுத்துக் கேட்டுவிட்டு 1985இல் ருசியை மாற்றினார்கள், 79 நாளில் பழையதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். புதியது பிடித்திருக்கிறதா என்று கேட்டவர்கள், பழையது இனிக் கிடைக்காது என்பதைச் சொல்லிக் கேட்கவில்லை. உங்கள் மார்க்கெட் சர்வேயில் கேள்விகளை யார் எழுதினார்கள் என்று பார்.

இன்னொன்று. 2021இல் அரசாங்கம் இரசாயன உரத்தை நிறுத்தியதை ஒருநாள் யாராவது கேஸாக எழுதுவார்கள். 2021இல் நாட்டில் தேயிலை சுமார் 30 கோடி கிலோ, 2022இல் சுமார் 25 கோடி. உரம் மட்டுமா காரணம்? அப்போது நாட்டில் டீசலும் இல்லை, டொலரும் இல்லை. அதையும் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் அந்தக் கேஸில் கொழுந்து பறிக்கும் உன் பெரியம்மா வரமாட்டாள். தோட்டத் தொழிலாளருக்கு 1000 ரூபாய் நாட்சம்பளம் வந்ததும் அதே 2021இல்தான். பல தோட்டங்களில் சொன்ன கிலோ பறித்தால்தான் முழுப்பேர் (முழு நாள் சம்பளம்) என்றார்கள், செடியிலோ கொழுந்து இல்லை. மலையில் முதலில் தெரிந்தது அவளுக்குத்தான். உங்கள் பக்கெட் திட்டத்தில் அப்படி முதலில் தெரியப்போகிறவர் யார்? பொதி கட்டுகிறவரா, கணக்குப் பகுதியில் கடன் வசூலிக்கிற பிள்ளையா? கூட்டத்துக்கு முன்னால் அவரிடம் போய்ப் பேசு.

கூட்டத்தில் நீ வேண்டாம் என்று அடம்பிடிக்காதே. ஒரு நாடு, இரண்டு ரகம், தோற்றாலும் கம்பனி தாங்குகிற காசு, இவ்வளவோடு தொடங்கலாம் என்று சொல். எத்தனை மாதத்தில் என்ன விற்க வேண்டும், விற்காவிட்டால் நிறுத்துவோமா என்பதைத் திகதி போட்டு எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கு. அதற்கு மேலதிகாரி முகம் சுளித்தால், அதையும் உன் கொப்பியில் குறித்துக்கொள்.

அடுத்த முறை கேஸ் அனுப்பும்போது கடைசி இரண்டு பக்கத்தை எடுத்துவிட்டு அனுப்பு. நான் என்ன செய்திருப்பேன் என்று எழுதி அனுப்புகிறேன், பிறகு மிச்சத்தைத் தா. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி அச்செடு. அம்மா மரக்கறி கட்டி வைத்திருக்கிறாள், சனிக்கிழமை கொழும்புக்கு வரும் உன் மச்சானிடம் கொடுத்துவிடுகிறோம், கோட்டை ஸ்டேஷனில் வந்து வாங்கிக்கொள்.

அன்புடன்,
அப்பா