ஆண்டறிக்கை: நம் மலை ஆட்டுக் கம்பளியில் குல்லா

தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம். உதகை வட்டாரப் பின்னல் சங்கத்தின் இந்த ஆண்டுக்கான செயலாளர் அறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன. கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். இந்த அறிக்கையில் பெரும்பகுதி கம்பளியைப் பற்றியதுதான்.

பனிக்காலத்துக்கு நாம் பின்னிக் கொடுக்கும் குல்லாக்களை நீலகிரி ஆட்டு ரோமத்திலேயே செய்து பார்ப்பதென்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். கடையில் உல்லன் என்று நாம் கேட்டு வாங்கும் நூலில் பெரும்பாலானது அக்ரிலிக் என்னும் செயற்கை இழை. ஒரு துண்டைக் கொளுத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும். அக்ரிலிக் உருகிச் சொட்டும். கம்பளி தலைமுடி கருகும் வாடையோடு பொசுங்கித் தானே அணையும். இதைக் கூட்டத்திலேயே செய்து காட்டியதில் பலருக்கும் வியப்பு.

நீலகிரி ஆடு 19ஆம் நூற்றாண்டில் உருவான இனம். கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் ஆகிய வெளிநாட்டு இனக் கிடாக்கள் கலந்து பிறந்தது. கம்பளிக்கென்றே தமிழ்நாட்டில் பெயர் பெற்ற இந்த இனம் இன்று மிகவும் குறைந்துவிட்டது. கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையம் இதைக் காப்பாற்றி வருகிறது. நாம் ரோமம் வாங்கியது பைக்காரா பக்கம் ஆடு வைத்திருக்கும் ஒரு குடும்பத்திடம். கறிக்கும் எருவுக்கும் ஆள் வருகிறதாம், ரோமத்தைக் கேட்டு யாரும் வருவதில்லையாம். வெட்டியதை வேலியோரம் கொட்டிவிடுகிறார்கள். எனக்கு இது ஆறவே இல்லை.

கழுவுவதுதான் பெரிய வேலை. கை பொறுக்காத வெந்நீரில் சோப்புத்தூள் கலந்து, ரோமத்தை அமுக்கி, அசைக்காமல் ஊற விட வேண்டும். சூட்டோடு கசக்கினால் இழைகளின் செதில்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கெட்டியாகிவிடும், அப்புறம் பிரிக்கவே முடியாது. பிசுக்கும் மண்ணும் போனபின் எடை வெகுவாகக் குறைந்தது. நிழலில் உலர்த்தி, கம்பி முள் பதித்த முள்பலகையில் சீவி, தக்ளி என்னும் கைக்கதிரில் நூற்று, இரண்டு இழையாக முறுக்கினோம். நூற்பு மூத்த உறுப்பினர்களுக்குத்தான் கைவந்தது. அவர்கள் நூலில் தடிப்பும் மெலிவும் மாறி மாறி வரும். பின்னியபின் அதுவே அழகாக இருந்தது.

குல்லாவின் அளவைப் பதிவுக்காகக் குறிப்பிடுகிறேன். ஊசியில் 96 கண்ணி, அதாவது நூல் வளையம், ஏற்றி, 10ஆம் நம்பர் ஊசியில் இரண்டு நேர்ப்பின்னல், இரண்டு மறுபின்னல் என்று மூன்று அங்குலம் ரிப், அதாவது இழுபடும் விளிம்புப் பட்டி. பிறகு சற்றுத் தடித்த 8ஆம் நம்பர் ஊசிக்கு மாறி உச்சி வரை. உச்சியில் எட்டுப் பாகமாகப் பிரித்து, ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையில் பாகத்துக்கு ஒரு கண்ணி குறைக்க வேண்டும். நான்கு அங்குலத்துக்கு 20 கண்ணி வருகிறதா என்று முதலில் சிறு துண்டு பின்னிப் பார்ப்பது அவசியம். கைநூல் ஆளுக்கு ஆள் மாறும்.

நெற்றியில் உறுத்துகிறது என்று சிலர் சொன்னார்கள். உண்மைதான். உட்புறம் பருத்தித் துணிப் பட்டி வைத்துத் தைத்ததும் அந்தக் குறை தீர்ந்தது. காலையில் தேயிலை பறிக்கப் போகும் உறுப்பினர்கள், மூடுபனியில் நனைந்தாலும் காது சில்லிடவில்லை என்கிறார்கள். தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைக் கம்பளி உள்ளே வாங்கிக்கொள்ளும். அதன் பிறகும் கதகதப்பு போகாது. அக்ரிலிக்கிடம் இதை எதிர்பார்க்க முடியாது.

ஒரு குல்லாவுக்குப் பிடிக்கும் நேரத்தைப் பார்த்தால் விலை கட்டுப்படியாகாது என்ற கருத்தும் கூட்டங்களில் வந்தது. நியாயமான கேள்வி. ஆனாலும் ரோமத்துக்கு விலை கொடுப்பதை நிறுத்தக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அந்தக் குடும்பத்துக்கு அது கையில் வரும் காசு, ஆட்டை வைத்திருக்க ஒரு காரணமும்கூட.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு கேட்பவை: இன்னொரு ஜோடி முள்பலகை, ரோமத்தை மழை படாமல் வைக்க ஒரு தகரப் பெட்டி, அந்துருண்டை. அடுத்த ரோமம் வெட்டும்போது நம் உறுப்பினர் இருவர் நேரில் போய், வயிற்றுப்பக்க ரோமத்தை அங்கேயே தனியாகப் பிரித்து ஒதுக்கிவிட்டு மற்றதை வாங்கி வர வேண்டும். இவற்றுக்குப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

நன்றி.
செயலாளர்