செயலாளரின் ஆண்டறிக்கை: தமிழ்நாடு வாக்களித்த விதம், 1952 முதல் 2024 வரை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத் தீர்மானத்தின்படி சிங்கப்பூரில் இயங்கும் நம் வட்டம் இவ்வாண்டு ஒரே பொருளை எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டின் சட்டமன்ற, மக்களவைத் தேர்தல் முடிவுகளைத் தொகுதிவாரியாக அட்டவணைப்படுத்திப் படிப்பதே அந்தப் பணி. சந்திப்புகள் வழக்கம்போல் நூலக அறையில் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். நம்மில் இந்தியக் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) உள்ளவர்களும் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவர்களும் இருக்கிறோம். கட்சிக் கொடி, பிரசாரம் எதுவும் கூடாது என்ற நம் விதி ஆண்டு முழுவதும் காக்கப்பட்டது. அதற்கு ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி.

ஆண்டு முழுவதும் படித்ததில் உறுதியாகத் தெரிந்தது இது: தமிழ்நாட்டில் “அலை அடித்தது” என்று பேசுமுன், யார் யாரோடு சேர்ந்து நின்றார்கள், எத்தனை இடங்களில் நின்றார்கள் என்ற கணக்கைப் பார்த்தாக வேண்டும். மாநில அளவிலான வாக்கு விழுக்காட்டை மட்டும் வைத்துக்கொண்டால் பாதித் தேர்தல்கள் புரியாமலேயே போகும்.

1967ஐ எடுத்துக்கொள்வோம். ஆட்சியை இழந்த காங்கிரஸ் பெற்றது 41.10 விழுக்காடு. ஆட்சியைப் பிடித்த திமுக பெற்றது 40.69. தோற்ற கட்சிக்கே வாக்கு கூடுதல்! ஆனால் காங்கிரஸ் 232 தொகுதிகளில் நின்று 51ஐ வென்றது. திமுக 174இல் மட்டும் நின்று 137ஐ வென்றது. மற்ற இடங்களைச் சுதந்திராக் கட்சி, மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி, முஸ்லிம் லீக் போன்ற தோழமைக் கட்சிகளுக்கு அண்ணா விட்டுக்கொடுத்திருந்தார். 1962இல் சிதறிய எதிர்ப்பு வாக்கு 1967இல் ஒரே பெட்டியில் விழுந்தது. 1965ஆம் ஆண்டு மொழிப் போராட்டமும் அரிசித் தட்டுப்பாடும் மக்களின் கோபத்தைக் கிளப்பின என்பதில் ஐயமில்லை. அந்தக் கோபத்தை இடங்களாக மாற்றியது தொகுதி உடன்பாடு. விருதுநகரில் காமராசரே 1,285 வாக்குகளில் தோற்றார் என்பது, பல தொகுதிகளில் போட்டி எவ்வளவு நெருக்கமாக இருந்தது என்பதற்குச் சான்று.

2001 இன்னும் தெளிவான பாடம். அதிமுக 31.44, திமுக 30.92. அரை விழுக்காடு வேறுபாடுதான்; இடங்களோ 132, 31. அதிமுக 141 தொகுதிகளிலும் திமுக 183 தொகுதிகளிலும் நின்றன. நின்ற இடங்களை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் அதிமுகவுக்குச் சுமார் 52 விழுக்காடு, திமுகவுக்குச் சுமார் 39 விழுக்காடு. இந்த இரண்டாவது கணக்குதான் உண்மையான பலத்தைக் காட்டுகிறது. 2006இல் நிலைமை தலைகீழ். 188 இடங்களில் நின்ற அதிமுகவுக்கு 32.64 விழுக்காடு, 61 இடங்கள். 132 இடங்களில் நின்ற திமுகவுக்கு 26.46 விழுக்காடு, 96 இடங்கள். அப்போது புதிதாக வந்த தேமுதிக 8.38 விழுக்காடு பெற்றும் விருத்தாசலம் ஒன்றை மட்டுமே வென்றது. வாக்கு மாநிலம் முழுக்கப் பரவிக் கிடந்தால் இடம் கிடைக்காது. நாம் தமிழர் கட்சி 2021இல் 6.58 விழுக்காட்டுடன் ஓரிடமும் பெறாததற்கும் காரணம் இதுவே.

அடிவாக்கு பற்றி ஒரு சொல். 1991இல் திமுக இரண்டே இடங்களில் வென்றது, வாக்கு 22.46 விழுக்காடு. 1996இல் அதிமுகவுக்கு நான்கே இடங்கள், பர்கூரில் ஜெயலலிதாவும் தோற்றார், வாக்கு 21.47. இரு கட்சிகளும் அழிந்துவிட்டன என்று அந்தந்த ஆண்டில் எழுதியவர்கள் இந்த எண்களைப் பார்க்கத் தவறினார்கள் என்றே சொல்ல வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு வாக்காளர் எந்தப் புயலிலும் சின்னத்தை விடவில்லை. அந்த அடித்தளம் இருந்ததால்தான் அடுத்த முறை கூட்டணி சேர்ந்ததும் இரு கட்சிகளும் எழுந்தன.

சட்டமன்றத்துக்கு ஒரு மாதிரியும் மக்களவைக்கு ஒரு மாதிரியும் தமிழ்நாட்டு மக்கள் வாக்களிப்பார்கள் என்பது பலரும் சொல்வது. அது எந்த அளவு சரி என்று பார்த்தோம். 1980 ஜனவரியில் திமுக-இந்திரா காங்கிரஸ் அணி 39 மக்களவைத் தொகுதிகளில் 37ஐ வென்றது. பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். அரசு கலைக்கப்பட்டது. மே மாதத்தில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் அதே எம்.ஜி.ஆர். 129 இடங்களுடன் திரும்பி வந்தார். 1989 ஜனவரியில் அதிமுக இரண்டாக உடைந்து நின்றபோது திமுக 150 இடங்களை வென்றது. நவம்பரில் உடைப்பு சரியாகி காங்கிரசும் சேர்ந்ததும் திமுகவுக்கு மக்களவையில் ஓரிடமும் இல்லை. பத்தே மாதம். இதில் மனமாற்றம் எவ்வளவு, எதிரணி ஒன்றுசேர்ந்ததன் பயன் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே குழுவின் கருத்து.

1967 முதல் பார்த்தால், இரு தேர்தலும் ஒரே சமயத்தில் நடந்த 1967, 1971, 1984, 1991, 1996 ஆகிய ஐந்து முறையும் இரண்டிலும் ஒரே அணிதான் வென்றது. அப்படியானால் ஒரே நாளில் வாக்காளர் பிரித்துப் போட மாட்டார் என்று முடிவுகட்டலாமா? 2019 ஏப்ரல் 18 அதை மறுக்கிறது. தருமபுரி மக்களவைத் தொகுதியைத் திமுக வென்றது. அதற்குள் அடங்கிய அரூர், பாப்பிரெட்டிப்பட்டி சட்டமன்ற இடைத்தேர்தல்கள் இரண்டையும் அதே நாளில் அதிமுக வென்றது. அந்த ஆண்டு மக்களவையில் திமுக அணிக்கு 39இல் 38. 22 சட்டமன்ற இடைத்தேர்தல்களில் திமுகவுக்கு 13, அதிமுகவுக்கு 9. அந்த ஒன்பதுதான் மாநில ஆட்சியைக் காப்பாற்றியது. இந்தப் பகுதியை உறுப்பினர்கள் அட்டவணையில் வரிவரியாகப் படிக்க வேண்டுகிறேன்.

வட்டாரச் சாய்வைப் பற்றிச் சுருக்கமாக. 2021இல் திமுக அணி ஆட்சியைப் பிடித்தது. ஆனால் கோவை மாவட்டத்தின் பத்துத் தொகுதிகளும் அதிமுக அணிக்கே, சேலத்தில் பதினொன்றில் பத்து, தருமபுரியில் ஐந்தும். சென்னையின் பதினாறும் திமுக அணிக்கு. கன்னியாகுமரி 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த நிலம். அங்கே தேசியக் கட்சிகளுக்கு இருக்கும் பலம் மற்ற மாவட்டங்களில் இல்லை. 2014இல் அதிமுக தனித்து நின்று 37 தொகுதிகளை அள்ளியபோதும் கன்னியாகுமரியைப் பாஜகவும் தருமபுரியைப் பாமகவும் பிடித்தன.

இனி அட்டவணை தயாரிக்கும் முறை. அடுத்த ஆண்டு இதில் சேரவிருப்போர் கீழ்க்காண்பவற்றைக் கவனிக்கவும். ஒப்பீடு கெடுவது பெரும்பாலும் இவற்றால்தான்.

1952ஐ இன்றைய தமிழ்நாட்டோடு அப்படியே ஒப்பிடக் கூடாது. அன்றைய சென்னை மாநிலத்தின் 375 இடங்களில் கரையோர ஆந்திரம், ராயலசீமை, மலபார், தென் கன்னடம் எல்லாம் அடங்கும். காங்கிரசுக்கு 152, கம்யூனிஸ்ட்டுகளுக்கு 62 என்ற எண்களைத் தமிழ் மாவட்டங்களின் சாய்வாகக் காட்டினால் தவறு. தமிழ் மாவட்டங்களைத் தனியே பிரித்தெடுத்துக் கூட்ட வேண்டும். மேலும் 1952, 1957 தேர்தல்களில் இருவர் தேர்ந்தெடுக்கப்படும் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. அங்கே ஒருவருக்கு இரண்டு வாக்கு. பதிவான வாக்குகளை வாக்காளர் எண்ணிக்கையால் நேரடியாக வகுத்தால் பதிவு விழுக்காடு நம்ப முடியாத அளவுக்கு ஏறிவிடும்.

1957இல் திமுகவினர் சுயேச்சைகளாகவே பதிவாகியிருக்கிறார்கள். குளித்தலையில் வென்ற கலைஞர் உட்பட ஒவ்வொருவரையும் பெயர் பார்த்துத்தான் கட்சியில் சேர்க்க வேண்டும். கட்சி என்ற கட்டத்தை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் ஆவணத்தில் உள்ளபடியும் மற்றொன்றில் உண்மையான சார்பையும் எழுதுங்கள். தேர்தல் சின்னத்தால் வரும் குழப்பத்துக்கும் இதுவே தீர்வு. 2021இல் உதயசூரியன் சின்னத்தில் வென்ற 133 பேரில் எட்டுப் பேர் மதிமுக முதலிய தோழமைக் கட்சியினர், திமுகவினர் 125. 2016இல் இரட்டை இலையில் நின்றவர்களிலும் கூட்டணிக் கட்சியினர் உண்டு.

தொகுதி மறுவரையறை, அதாவது தொகுதி எல்லைகளைத் திருத்தி அமைப்பது, அடுத்த சிக்கல். 2008ஆம் ஆண்டு மறுவரையறை மக்களவைக்கு 2009இலும் சட்டமன்றத்துக்கு 2011இலும் நடைமுறைக்கு வந்தது. 1980இல் அதிமுக வென்ற கோபிச்செட்டிபாளையம், சிவகாசி ஆகிய இரண்டும் இன்று மக்களவைத் தொகுதிகளாக இல்லை. புதுக்கோட்டையும் அப்படியே, நம் உறுப்பினர்களில் அந்தப் பக்கத்தவர் பலர் இருப்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி எழுந்தது. பெயர் அதே இருந்தாலும் எல்லை மாறியிருக்கும். ஆகவே 2008க்கு முன், பின் என இரு தாள்களாக வைத்து, மாவட்ட அளவில் மட்டும் இணைப்பதே பாதுகாப்பானது.

மொடக்குறிச்சித் தொகுதியின் 1996 சட்டமன்றத் தேர்தல் முடிவைத் தனிக் கோப்பில் வையுங்கள். 1,033 வேட்பாளர்கள், வாக்குச்சீட்டே புத்தகமாக அச்சிடப்பட்டது. அந்த வரிகளை முதன்மை அட்டவணையில் சேர்த்தால் மாநிலத்தின் சராசரி வேட்பாளர் எண்ணிக்கையே திரிந்துபோகும். அவ்வாண்டுதான் சட்டமன்ற வேட்பாளரின் வைப்புத்தொகை 250 ரூபாயிலிருந்து 5,000 ஆக உயர்த்தப்பட்டது. எனவே சுயேச்சைகளின் எண்ணிக்கையை அதற்கு முன்னும் பின்னும் ஒரே அளவுகோலில் பார்க்கலாகாது.

உறுப்பினர்கள் பலர் கேட்ட ஒன்றுக்கு விடை: இங்கிருந்தபடியே தபாலிலோ வேறொருவர் மூலமோ வாக்களிக்க வெளிநாடுவாழ் இந்தியருக்கு வழியில்லை. இந்தியக் கடப்பிதழ் உள்ளவர், நிரந்தரவாசியாக இருந்தாலும், படிவம் 6அ மூலம் கடப்பிதழில் உள்ள முகவரிக்குரிய தொகுதியில் பெயர் சேர்க்கலாம். வாக்குப்பதிவு நாளில் அந்தச் சாவடிக்கே நேரில் சென்று அசல் கடப்பிதழைக் காட்ட வேண்டும். பழைய முகவரி உள்ள கடப்பிதழோடு போனால் பெயர் வேறு தொகுதியில் விழும். முகவரியை முதலில் திருத்துங்கள். சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவருக்கு அந்த உரிமை இல்லை.

வரும் ஆண்டுக்கு மூன்று பணிகளைச் செயற்குழு முன்மொழிகிறது. 1962 முதல் 1977 வரை தொகுதிவாரியாக வெற்றி வேறுபாட்டைச் சரிபார்த்தல். 44 ஆதிதிராவிடர் தனித்தொகுதிகளின் முடிவுகளைத் தனியே தொகுத்தல். சென்னை மாநிலத் தேர்தல்களைச் சிங்கப்பூரின் தமிழ் முரசு நாளிதழ் எவ்வாறு வெளியிட்டது என்பதைப் பழைய இதழ்களிலிருந்து பார்த்து எழுதுதல். மூன்றாவது பணிக்கு நூலகத்தில் பொறுமையாக உட்காரக்கூடியவர்கள் தேவை. விரும்புவோர் கூட்டம் முடிவதற்குள் துணைச் செயலாளரிடம் பெயர் கொடுக்க வேண்டுகிறேன். இவ்வறிக்கையை ஏற்கும்படி அவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

பணிவுடன்,
செயலாளர்
சிங்கப்பூர்