ஆன்லைன் மார்க்கெட்டிங் பயிற்சி: பணம் கட்டும் முன்

அனைவருக்கும் வணக்கம். குழுவில் பகிரப்பட்ட பயிற்சித் திட்டம் பற்றி ஞாயிறு மாலை 6 மணிக்கு கூகுள் மீட்டில் பேசுவோம். அதுவரை யாரும் பணம் கட்ட வேண்டாம், "இன்று மட்டும் சலுகை" என்றாலும் சரி. அந்தச் சலுகை பெரும்பாலும் நாளையும் இருக்கும்!

கூட்டத்துக்கு வருமுன் பயிற்சி நடத்துபவர்களிடம் கேட்கவும், நீங்களே கவனிக்கவும் வேண்டியவை:

1. மொத்தச் செலவு எவ்வளவு? நுழைவுக் கட்டணம் குறைவாக இருக்கும். அடுத்த நிலைப் பயிற்சி, மென்பொருள் சந்தா, விளம்பரச் செலவு எல்லாம் தனி.
2. வருமானம் எதிலிருந்து? அதே பயிற்சியைப் பிறருக்கு விற்றால்தான் கமிஷன் என்றால், அது ஆள் சேர்ப்பு. விலகுங்கள்.
3. ரீஃபண்ட் விதி எழுத்தில் உண்டா? "எல்லாப் பாடமும் முடித்தால்தான்" போன்ற நிபந்தனையில்தான் பலர் மாட்டுகிறார்கள்.
4. வருமான ஸ்கிரீன்ஷாட் சான்றாகாது. விளம்பரச் செலவு கழித்த லாபம் அதில் தெரியாது.
5. பாடத்திட்டத்தை (பணம் கட்டாமல்) கேட்டு வாங்கி, கூகுள் ஸ்கில்ஷாப், ஹப்ஸ்பாட் அகாடமி ஆகிய இணையப் பயிற்சித் தளங்களின் இலவசப் பாடங்களோடு ஒப்பிடுங்கள்.

வருபவர்கள் சனி இரவுக்குள் பதிலிடவும். ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் ரசீதை எனக்குத் தனியாக அனுப்பவும்.