கிங்ஸ்மீட் மைதான மாதிரிக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

டர்பன் கிங்ஸ்மீட் கிரிக்கெட் மைதானத்தின் அமைப்பை மரத்தில் மாதிரியாகச் செய்து, அங்கே ஆட்டம் பார்த்த நம் முதியோரின் குரல் பதிவுகளோடு நமது சமூகக் கூடத்தில் நிலையாக வைக்க எங்கள் குழு முடிவு செய்துள்ளது. அதற்கு உங்கள் பொருளுதவியை வேண்டுகிறோம்.

1923 ஜனவரியில் இங்கு முதல் டெஸ்ட் நடந்தது. 1939 மார்ச்சில் நாள் வரம்பின்றி ஆடப்பட்ட டெஸ்டில், 696 ஓட்டங்களைத் துரத்திய இங்கிலாந்து அணி 5 விக்கெட்டுக்கு 654 எடுத்திருந்த நிலையில், ஊர் திரும்பும் கப்பலைப் பிடிப்பதற்காக ஆட்டத்தை விட்டுப் புறப்பட்டது. இடையிடையே பெய்த மழைக்குப் பின் உருளையிட்டுச் சமன்செய்த ஆடுகளம் மீண்டும் மீண்டும் புதிதானதே அத்தனை ஓட்டங்களுக்கு ஒரு காரணம்.

இந்த வரலாறு புத்தகங்களில் இருக்கிறது. இனவொதுக்கல் காலத்தில் வேலிக்குள் தனியே அமர்த்தப்பட்ட நம்மவர்கள், தங்கள் பிள்ளைகளுக்கு இடமில்லாத நாட்டு அணியை விட்டுவிட்டு எதிரணிக்குக் கைதட்டிய வரலாறோ பெரும்பாலும் அவர்கள் நினைவில்தான் இருக்கிறது. ஆகவே பந்துவீசும் இரு முனைகளான உம்கேனி முனை, ஓல்ட் ஃபோர்ட் ரோடு முனை, பார்வையாளர் அரங்குகள், குடும்பத்தோடு அமரும் புல்மேடு ஆகியவற்றோடு, அந்தத் தனிப்பகுதியையும் அங்கே அமர்ந்தவர்களின் சாட்சியத்தைக் கொண்டு மாதிரியில் குறிக்கவிருக்கிறோம். எங்களுக்கு இதுவே இப்பணியின் உயிர்.

1992 நவம்பர் 13 அன்று இந்திய அணி இங்கே களமிறங்கியதை நேரில் கண்ட பலர் நம்மிடையே உள்ளனர். ஆட்டத்தின் முதல் பந்திலேயே கபில்தேவ் தென்னாப்பிரிக்காவின் ஜிம்மி குக்கை வீழ்த்தியதும், மூன்றாம் நடுவரின் தீர்ப்பால் ஆட்டமிழந்த முதல் வீரராக டெண்டுல்கர் வெளியேறியதும், தம் முதல் டெஸ்டிலேயே பிரவீண் ஆம்ரே 103 எடுத்ததும், நாற்பது வயதில் ஓமர் ஹென்றி தென்னாப்பிரிக்காவுக்காக டெஸ்டில் அறிமுகமானதும் அந்த ஒரே ஆட்டத்தில்தான். 1860-இல் சென்னையிலிருந்து நம் முன்னோரை ஏற்றிவந்த ட்ரூரோ கப்பல் டர்பனை அடைந்த நவம்பர் 16-உம் அந்த டெஸ்டின் நாள்களுக்கு இடையிலேயே வந்தது.

மரம், தச்சுக்கூலி, கண்ணாடிப் பெட்டி, ஒலிப்பதிவு ஆகியவற்றுக்கே பணம் செலவாகும். குழுவினர் எவரும் ஊதியம் பெறுவதில்லை. நூறு ரேண்டாயினும் மனமுவந்து ஏற்போம். நன்கொடையைக் கூடத்தில் பொருளாளரிடம் நேரில் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். வரவு செலவுக் கணக்கை அங்கேயே அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். பழைய நுழைவுச்சீட்டு, ஒளிப்படம் இருந்தால் இரவலாகத் தாருங்கள். படியெடுத்துப் பத்திரமாகத் திருப்பித் தருவோம். வீட்டில் தாத்தாவோ ஆயாவோ கிங்ஸ்மீடில் ஆட்டம் பார்த்திருந்தால், பணத்துக்கு முன்னால் அவர்களை அழைத்து வாருங்கள்.

இங்ஙனம்,
குழுவினர், டர்பன்