பிடித்து விடுவதற்கு எதற்குப் பிடிக்கணும்?

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. முழங்கால் வலி குறைந்ததா? மாடிப்படி ஏறாதே என்று டாக்டர் சொன்னால், தண்ணீர்த் தொட்டியை யார் போய்ப் பார்ப்பது என்று கேட்கிறாய். நீ திருந்தமாட்டாய். இங்கே எல்லாரும் சௌக்கியம். சின்னவனுக்கு டல்லாஸில் வேலை கிடைத்துப் போய்விட்டான். வீடு வெறிச்சென்று இருக்கிறது. அதனால் பக்கத்து வீட்டுக் கியூபாக்காரரோடு சனிக்கிழமைதோறும் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன்.

"பிடிச்சுத் திரும்பத் தண்ணியில விடுறதுக்கு எதுக்குடா பிடிக்கணும்?" என்று கேட்டிருந்தாய். என் மனைவி கேட்பதும் அதேதான். போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன், நீயே பார்த்துக்கொள்.

இங்கே தெற்கு ஃபுளோரிடாவில் எவர்கிளேட்ஸ் என்ற தேசியப் பூங்கா இருக்கிறது. அதன் வாசலிலிருந்து 38 மைல் உள்ளே போனால் ஃபிளமிங்கோ என்ற இடம். ரோடு அங்கே முடிந்துவிடும். அதற்கப்புறம் ஃபுளோரிடா பே. பெயர்தான் விரிகுடா, பெரும்பாலான இடத்தில் தண்ணீர் இடுப்புக்கு மேல் வராது. அடியில் கடற்புல், ஓரத்தில் சுரபுன்னை, நடுநடுவே சின்னச் சின்னத் திட்டுகள். படகுத்துறையிலேயே முதலை படுத்திருக்கும். உப்புத் தண்ணீர் முதலையும் நன்னீர் அலிகேட்டரும் ஒன்றாக வாழ்வது உலகத்திலேயே இந்தத் தெற்கு ஃபுளோரிடாவில்தான்.

விடியும் நேரம் வற்றம், அதாவது கடல் தண்ணீர் வடிவது, ஆரம்பித்திருந்தது. இங்கே மீன் பிடிப்பதில் பாதி வேலை ஓதத்தை, அதாவது கடல் ஏறி இறங்குவதைக் கணக்குப் பண்ணுவதுதான். தண்ணீர் வடியும்போது காட்டுக்குள்ளிருக்கும் இறாலும் பொடிமீனும் ஓடை வழியாக வெளியே வந்தாக வேண்டும். ஓடை வாயில், சுரபுன்னை வேருக்கு அடியில் ஸ்னூக் என்ற மீன் காத்திருக்கும். ஸ்னூக்கை உனக்கு எப்படிச் சொல்வது? நம்ம கொடுவா மீனுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள். அதே தாடை, அதே திருட்டு முழி. பக்கவாட்டில் செவுளிலிருந்து வால் வரைக்கும் மையால் இழுத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு மட்டும் கூடுதல்.

தூண்டில் முள்ளில் உயிர் இறாலை மாட்டி, வேரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டேன். தண்ணீர் அதை உள்ளே இழுத்துக்கொண்டு போனது. 'டொப்'பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான், தூண்டில் நரம்பு கையை அறுக்கிற மாதிரி ஓடியது. ஸ்னூக் கடித்தால் முதல் ஐந்து விநாடிதான் கணக்கு. வேருக்குள் புகுந்துவிட்டால் போச்சு. செவுள் மூடியின் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும், நரம்பில் ஒரு உரசு உரசினால் அறுந்துவிடும். இந்தத் தடவை எப்படியோ தப்பித்தேன். படகோரம் கொண்டுவந்து, கையை நனைத்துக்கொண்டு கீழ்த்தாடையைப் பிடித்தேன். உப்புத்தாளைத் தொட்டது போல இருந்தது. பெருவிரல் தோல் இன்னும் சரியாகவில்லை.

அளந்தால் 34 அங்குலம். சட்டப்படி வைத்துக்கொள்ளலாம் என்பது 28 முதல் 33 வரை, அதுவும் ஆளுக்கு ஒன்று. ஒரு அங்குலம் அதிகம்! சின்னதை விடச் சொன்னால் நியாயம், பெரியதை ஏன் விட வேண்டும் என்று நீ கேட்பாய். ஸ்னூக் ஆணாகத்தான் பிறக்கும், வளர வளரப் பெண்ணாக மாறும். நம் கொடுவாவும் அப்படித்தான் என்பது உனக்குத் தெரியுமா? ஆக, பெரிய மீனெல்லாம் அநேகமாக முட்டைக்காரி. வாயை ஓட்டத்துக்கு எதிராகக் காட்டி இரண்டு நிமிஷம் பிடித்திருந்தேன். திடீரென்று வாலை ஒரு உதறு உதறி, முகத்தில் தண்ணீரை அடித்துவிட்டுப் போனாள்.

இதையெல்லாம் நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. 2010 ஜனவரிக் குளிரில் இந்த மீன் ஏராளமாகச் செத்து மிதந்தது. தண்ணீர் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அதற்குத் தாங்காது. ஃபுளோரிடாவின் மேற்குக் கரையில் 2013 ஆகஸ்ட் முடியும்வரை ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று தடை போட்டார்கள். இப்போது கிடைக்கிறதென்றால் அதனால்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பூங்காவுக்குள் தொழிலாக மீன் பிடிப்பதை 1985 முடிவோடு நிறுத்திவிட்டார்கள். வலை வைத்துப் பிழைத்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, வருஷத்துக்கு 17 டாலர் லைசென்ஸ் வாங்கிய என்னைப் போன்ற பொழுதுபோக்கு ஆளை உள்ளே விடுகிறார்கள். யோசித்தால் உறுத்தத்தான் செய்கிறது.

சரி, அடுத்த கூத்தைக் கேள். ஸ்னேக் பைட் என்ற ஆழமில்லாத பரப்பில் ரெட்ஃபிஷ் என்ற மீன் மேய்ந்துகொண்டிருந்தது. தலையைப் புல்லுக்குள் விட்டு நண்டைக் கிளறும்போது, செம்பு நிற வால் மட்டும் தண்ணீருக்கு மேலே ஆடும். வாலில் ஒரு கறுப்புப் பொட்டு. அங்கே 2011 முதல் எஞ்சின் ஓட்டக்கூடாது. புரொப்பெல்லர் கிழித்த புல் மறுபடி முளைக்க வருஷக்கணக்கில் ஆகும். ஆகவே நீளக் கம்பை ஊன்றித் தள்ளிக்கொண்டு போனோம். ஒரு வால், அப்புறம் இன்னொரு வால், கொஞ்ச தூரத்தில் மூன்று வால். பேராசைதான். கியூபாக்காரர் இரண்டு தடவை சொன்னார், தண்ணீர் வடிகிறது என்று. இன்னும் ஒன்றே ஒன்று என்றேன்.

படகு நின்றுவிட்டது. இறங்கித் தள்ளலாம் என்று காலை வைத்தால் சேறு முட்டிக்கு மேல் வாங்குகிறது. மூன்று மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம், ஏற்றம் வரும்வரை. கொசுவோடு கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சியும் சேர்ந்துகொண்டது. அவர் என்னைத் திட்டவில்லை, ஸ்பானிஷில் ஏதோ பாடிக்கொண்டிருந்தார். ரெட்ஃபிஷ் ஒன்றுகூடக் கடிக்கவில்லை.

திரும்பும் வழியில் துறைக்குப் பக்கத்தில் செப்பிலி ஜாதி மீன் மூன்று கிடைத்தது. அளவு சரியாக இருந்தது, கொண்டுவந்து வறுத்துவிட்டோம். ஆகவே வெறுங்கையோடு வந்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியாதே.

உன் கேள்விக்குப் பதில் வந்ததா இல்லையா என்று தெரியவில்லை. முழங்கால் சரியானதும் எழுது. இங்கே வந்தால் படகில் உனக்கு உட்கார்ந்திருக்கிற வேலைதான், கம்பு ஊன்றுவது நான்.

அன்புடன்,
ரவி