கடுகளவு பூமி

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். எனக்கு முழங்கால் வலி மட்டும் இந்த வாரம் கொஞ்சம் கூடுதல். அதற்குக் காரணம் உன் மகன்தான், பிறகு சொல்கிறேன்.

கோள்கள் படம் போட்ட பெரிய சார்ட் வாங்கி ஒட்டியும் வாண்டு இரண்டே நாளில் அந்தப் பக்கம் திரும்புவதில்லை, எப்படித்தான் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டிருந்தாய். முப்பது வருஷத்துக்கு மேல் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் எடுத்தவளிடம் கேட்டால் பதில் நீளமாகத்தான் வரும்.

முதலில் அந்த சார்ட்டைக் கழற்று. என் வகுப்பிலும் அப்படி ஒன்று தொங்கியது. ஓரத்தில் சூரியன், பக்கத்தில் எட்டுப் பந்துகள் தோளோடு தோள் உரசிக்கொண்டு வரிசையாக நிற்கும். ஒரு பிள்ளை எழுந்து, “டீச்சர், இதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்காதா?” என்று கேட்டாள். “இடிக்காது, உக்காரு” என்றேன். எவ்வளவு நல்ல கேள்வி! அந்தப் படத்தைப் பார்க்கிற யாருக்கும் அது தோன்றத்தானே வேண்டும்? எனக்குத் தோன்றாமல் போனதுதான் அதிசயம்.

வாண்டுக்கு ஐந்து கோள் ஏற்கெனவே தெரியும். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. கிழமை சொல்லத் தெரிந்த எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் தெரியும். அவை வானத்தில் இருக்கின்றன என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். அங்கே ஜப்பானியப் பாலர் பள்ளியில் அவன் சொல்கிற கிழமைகளும் அதே கதைதான் என்று நீ போனில் சொன்னபோது எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. செவ்வாய்க்கிழமை கயோபி, செவ்வாய்க் கோள் கசேய். வியாழக்கிழமை மொக்குயோபி, வியாழக் கோள் மொக்குசேய். நமக்குச் சிவந்த செவ்வாய், அவர்களுக்கு நெருப்புக் கோள். இரண்டு மொழியிலும் கிழமை சொல்கிற பையனுக்கு சார்ட் எதற்கு? தினமும் காலையில் “இன்னிக்கு யாரோட நாள்?” என்று கேள், போதும்.

யுரேனஸுக்கும் நெப்டியூனுக்கும் ஏன் கிழமை இல்லை என்று கேட்பான். கேட்காவிட்டால் நீ கேள். தொலைநோக்கி இல்லாமல் வெறும் கண்ணுக்குத் தெரிந்தவை அந்த ஐந்துதான். யுரேனஸைக் கண்டுபிடித்தது 1781இல், நெப்டியூனை 1846இல். கிழமைக்குப் பெயர் வைத்து முடிந்து எத்தனையோ காலத்துக்குப் பிறகு வந்தவை. பூமிக்கு ஏன் நாள் இல்லை? அதன் மேல்தான் நிற்கிறோமே, அண்ணாந்து பார்த்தால் எப்படித் தெரியும்! புளூட்டோவைப் பற்றிக் கேட்டால், 2006 வரை கோளாக இருந்தது, அப்புறம் குள்ளக்கோள் என்று பிரித்து வைத்துவிட்டார்கள் என்று சொல். உனக்கு ஒன்பது என்று சொல்லித் தந்தவளும் நான்தான், மன்னித்துக்கொள்.

ஒன்பது என்றதும் ஒரு பையன் ஞாபகத்துக்கு வருகிறான். கோள்களின் பெயர்களை எழுதச் சொன்னேன். சூரியன், சந்திரன் என்று தொடங்கி ராகு, கேது வரை ஒன்றுவிடாமல் எழுதியிருந்தான். அப்பாவோடு பிரதோஷத்துக்குப் போய் நவக்கிரகம் சுற்றுகிற பிள்ளை. நான் சிவப்பு மையில் குறுக்கே கோடு போட்டு, வகுப்பில் உரக்கப் படித்தும் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள், அவன் ஸ்லேட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அது இன்னும் உறுத்துகிறது. பூமியில் நின்றுகொண்டு, நட்சத்திரங்களுக்கு நடுவே இடம் மாறுகிறவை எவை என்று எண்ணினால் சூரியனும் சந்திரனும் அந்தக் கணக்கில் வரத்தான் செய்யும். ராகுவும் கேதுவும் சூரியனின் பாதையைச் சந்திரனின் பாதை வெட்டுகிற இரண்டு இடங்கள். கிரகணம் அங்கே பக்கத்தில்தான் நடக்கும். இதை அன்றைக்கே அவனிடம் சொல்லியிருந்தால், வகுப்பில் வேறு யாருக்கும் தெரியாத விஷயம் அவனுக்குத் தெரிந்திருக்கும். வாண்டு இங்கே வரும்போது கோயிலில் ஏதாவது கேட்டால் “அது வேற, இது வேற” என்று வாயை அடைக்காதே.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வியாழனைச் சொல்லிக்கொடுப்பது சுலபம், குளமே இருக்கிறது. 2004 மகாமகத்தின்போது வீடு முழுக்க உறவுக்காரர்கள், உனக்கு மொட்டைமாடியில்தான் இடம் கிடைத்தது, ஞாபகம் இருக்கிறதா? அப்புறம் 2016. அடுத்தது 2028. குரு சிம்ம ராசிக்குத் திரும்பி வர ஏறக்குறைய பன்னிரண்டு வருஷம். வியாழன் சூரியனை ஒரு சுற்றுச் சுற்றும் காலமே அதுதான். சனிக்கு இருபத்தொன்பதரை வருஷம். ராசிக்கு இரண்டரை வருஷம் என்று மூன்று ராசிக்குக் கணக்குப் போட்டால் ஏழரை! சனி கணக்கில் உனக்கே இப்போதுதான் ஒரு வயது தாண்டியிருக்கிறது. புதனுக்கோ 88 நாளில் ஒரு சுற்று முடிந்துவிடும். அந்தக் கணக்கில் வாண்டுக்கு இருபது வயது. இதைச் சொன்னால் குதிப்பான் பார்.

சரி, முழங்கால் கதைக்கு வருகிறேன். அவனுக்காக ஒன்றை யோசித்தேன், சரியாக வருமா என்று முதலில் நம் தெருவில் செய்து பார்த்தேன். எதிர்வீட்டுப் பையனின் கால்பந்தைத் திண்ணையில் வைத்தேன். அதுதான் சூரியன். பூமி அந்தக் கணக்கில் எவ்வளவு பெரிசு தெரியுமா? ஒரு கடுகு. அஞ்சறைப்பெட்டியைத் திறந்துகொண்டு உட்கார்ந்தேன். புதனுக்கு ஒரு கசகசா, வெள்ளிக்கு இன்னொரு கடுகு, செவ்வாய்க்குக் கேழ்வரகு, வியாழனுக்கும் சனிக்கும் அரைநெல்லிக்காய், யுரேனஸுக்கும் நெப்டியூனுக்கும் காய்ந்த பட்டாணி. பொடிசுகள் காற்றில் பறந்துவிடும் என்று ஆளுக்கொரு அட்டைத் துண்டில் சோற்றுப் பருக்கையால் ஒட்டினேன்.

தெருப் பிள்ளைகள் ஆறு பேர் சேர்ந்துகொண்டார்கள். திண்ணையிலிருந்து என் தப்படியில் பதினைந்து வைத்தால் புதன். பூமிக்கு நாற்பது, அதாவது சுமார் 24 மீட்டர். அங்கே கடுகைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண் திரும்பிப் பந்தைப் பார்த்தாள், அப்புறம் கடுகைப் பார்த்தாள். “இதுக்குள்ளயா நாம இருக்கோம்?” என்றாள். சந்திரனுக்கு ஒரு பொடி ரவை. அதைக் கடுகிலிருந்து நாலு விரல்கடை கூடத் தள்ளி வைக்க வேண்டியதில்லை. மனிதர் போய் நின்றுவிட்டு வந்த தூரம் அவ்வளவுதான்.

செவ்வாய்க்கு அறுபது தப்படி. அதற்கப்புறம் தெரு காலியாகிவிடும். நடக்கிறோம், நடக்கிறோம், ஒன்றுமே இல்லை. பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். இருநூறைத் தாண்டித்தான் வியாழன். அங்கே நிற்க வைத்த பையன், நாங்கள் சனிக்குப் போய்த் திரும்பிப் பார்ப்பதற்குள் வியாழனை வாயில் போட்டுக்கொண்டான். புளிப்பில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றான். சனி தெருமுனை மளிகைக் கடை வாசலில். நெப்டியூனுக்கு ஆயிரத்து நூற்றுச் சொச்சம் தப்படி, முக்கால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதற்கு என் கால் இடம் கொடுக்கவில்லை. பட்டாணியைக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டுத் திரும்பினேன். நீ போகும்போது மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நெப்டியூன் வரை போ. ஒன்று மட்டும் சொல்லிவிடு: இவை ஒரே தெருவில் வரிசையாக நிற்பவை அல்ல, சூரியனைச் சுற்றும்போது ஆளுக்கொரு பக்கத்தில் இருப்பவை.

வீடு திரும்பும்போது வியாழனைத் தின்ற பையன் கேட்டான்: “பாட்டி, வேற சூரியன் இருக்குல்ல, அந்தப் பந்தை எங்க வைக்கணும்?” ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆல்ஃபா சென்டாரி என்கிற நட்சத்திரம், கிட்டத்தட்ட நம் சூரியன் அளவுதான், நாலரை ஒளியாண்டுக்குக் கொஞ்சம் குறைவு. இந்தக் கால்பந்துக் கணக்கில் ஆறாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர். தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று அப்பாவையும் ஒரு தடவை போடச் சொன்னேன். அப்புறம் வரைபடத்தில் பார்த்தால், கும்பகோணத்திலிருந்து டோக்கியோ ஏறக்குறைய அவ்வளவு தூரம்.

மறுநாள் அந்தப் பையனிடம், அந்தப் பந்து என் பேரன் வீட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அதனால் உடனே ஒரு கால்பந்து வாங்கி வை. அஞ்சாம் நம்பர் பந்தாகப் பார்த்து வாங்கு, சின்னப் பிள்ளைகளுக்கான சின்னப் பந்தாக இருந்தால் என் கணக்கு தப்பிப்போகும்.

அன்புடன்,
அம்மா